ஏழு கேள்விக்குறிகள்

மலையகப் பத்திரிகைத்துறையின் வரலாற்றைப் பேசுவோர் ஏடுகளையும் ஆசிரியர்களையும் நினைவுகூர்வார்கள். செய்தியைச் சுமந்து வந்த எழுத்துக்களுக்கும் ஒரு வரலாறு உண்டு.

லுணுகலை, மடுல்சீமைப் பகுதிச் செய்திகள் ஒரு காலத்தில் கையால் எழுதப்பட்டுத் தபாலில் கொழும்பு வந்தன. பின்னர் கணினி அச்சுக்கோப்பு வந்தது. இலங்கையில் பாமினி எழுத்துரு பரவலாகியது. பாமினியில் கணினி சேமித்தது தமிழை அன்று. ஆங்கில விசைகளின் குறிகளையே அது சேமித்தது. அவற்றின் மேல் தமிழ் உருவம் வரையப்பட்டிருந்தது. தாளில் அச்சேறும் வரை இதனால் எத்தீங்கும் இல்லை.

1998 பெப்ரவரியில் எக்ஸ்.எம்.எல். 1.0 விதிமுறை வெளியானது. இணையத்தளங்கள் செய்தி ஓடைகளைப் பரிமாறுவதற்கு அதுவே அடிப்படை. எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள்ளும் உலாவியைப் போன்றதன்று எக்ஸ்.எம்.எல். பகுப்பான். வடிவம் பிழைத்தால் அவ்விடத்திலேயே நின்றுவிட வேண்டும் என்பது விதி. கோண அடைப்புக்குறி அங்கே ஓர் ஒட்டின் தொடக்கம். பாமினியிலோ 'ஈ' என்னும் எழுத்து அதே குறியின் மீது அமர்ந்திருக்கிறது. 'தொழிலாளர்கள் போராட்டத்தில் ஈடுபட்டனர்' என்பது தோட்டச் செய்திகளில் நாம் அன்றாடம் எழுதும் வாக்கியம். மாற்றப்படாத பாமினியில் அது ஓடைக்குள் சென்றால் 'ஈடுபட்டனர்' என்ற இடத்தில் பகுப்பான் நின்றுவிடும். அதன்பின் வரும் செய்திகளும் வாசகரை அடையா.

திஸ்கியின் சிக்கல் வேறு. அதன் எண்கள் யு.டி.எஃப்-8 முறைக்குப் பொருந்தாதவை. யுனிகோட் 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தும், அது நம்மிடையே பரவியது வலைப்பதிவுகள் பெருகிய காலத்தில்தான். காசி ஆறுமுகத்தின் தமிழ்மணம் திரட்டி 2004இல் தோன்றியது. பாமினி முதலியவற்றை யுனிகோட்டுக்கு மாற்றும் சுரதாவின் பொங்குதமிழ் செயலி அக்காலத்தில் பலருக்குக் கைகொடுத்தது.

அதே 2004 ஜூலையில் பி.எச்.பி. 5 வெளிவந்தது. மலையகச் செய்திகளைத் திரட்ட நாங்கள் சிலர் ஒரு சிறு நிரலை வைத்திருந்தோம். வழங்கியில் மென்பொருள் புதுப்பிக்கப்பட்ட மறுநாள், 'லுணுகலை' என்னும் தலைப்பு இருந்த இடத்தில் ஏழு கேள்விக்குறிகள் நின்றன. யுனிகோட்டில் அப்பெயர் ஏழு குறிகளால் ஆனது. குறிக்கு ஒன்றாகக் கணக்குச் சரியாகவே இருந்தது.

காரணம் விசித்திரமானது. பி.எச்.பி. 4, எழுத்துமுறை இன்னதென்று குறிப்பிடாவிட்டால், வந்த எண்களை மேற்கு ஐரோப்பிய எழுத்துக்களாகக் கருதி, வந்தபடியே வெளியே தந்தது. எழுதப்படிக்கத் தெரியாத தப்பால்காரர் கடிதத்தைப் பிரிக்காமல் லயத்தில் சேர்ப்பதைப் போல, அதன் அறியாமையே தமிழைக் காத்தது. பி.எச்.பி. 5 உள்ளே வருவது யு.டி.எஃப்-8 என்று தானே அறிந்துகொண்டது. ஆனால் 5.0.0, 5.0.1 பதிப்புகளில் வெளியீட்டின் இயல்பு முறை ஐ.எஸ்.ஓ. 8859-1 ஆகவே இருந்தது. அம்முறையில் தமிழுக்கு இடமில்லை. இடமில்லாத எழுத்தெல்லாம் கேள்விக்குறியாயிற்று. 5.0.2 பதிப்பில் இயல்பு முறை யு.டி.எஃப்-8 ஆக மாற்றப்பட்டது. அதற்குக் காத்திராமல், வெளியீட்டு முறையை நிரலில் வெளிப்படையாக ஒரு வரியில் குறிப்பிட்டாலே போதும். நண்பர் ஒருவர் அவ்வாறே சீர்செய்தார்.

ஆயினும் தரவுத்தளத்தில் ஏறிவிட்ட கேள்விக்குறிகள் மீளவில்லை. எல்லா எழுத்தும் ஒரே குறியான பின் எது எதுவென்று எவராலும் பிரிக்க இயலாது. மூல ஓடையைத் தனிக்கோப்பாக வைத்திருந்த நாட்களின் செய்திகள் மட்டுமே தப்பின.

இதனைச் சிறு தொழில்நுட்பக் கோளாறு என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் நம் மக்களிடம் ஆவணம் கேட்டது. காட்ட இயலாதோர் நாடற்றோர் ஆயினர். 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கைகளாகப் பங்கிட்டது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை அந்த அவலம் நீண்டது. ஒரு காகிதம் இருப்பதற்கும் இல்லாததற்கும் இடையிலான தூரத்தை இவ்வளவு அறிந்த சமூகம் வேறு அதிகமில்லை.

ஆதலால் தோட்டப்புறச் செய்திகளைச் சேமிக்கும் இளைஞர்களிடம் நான் வேண்டுவது இதுவே: பாமினிக் கோப்புகளை யுனிகோட்டுக்கு மாற்றுங்கள்; மாற்றிய பின்னும் மூலத்தை அழிக்காதீர்கள்; மென்பொருளைப் புதுப்பிக்கும் முன் உங்கள் ஊரின் பெயரை அதில் ஒருமுறை செலுத்திப் பாருங்கள். அது எழுத்துப் பிசகாமல் திரும்பி வந்தால் மேலே தொடரலாம்.