ஊவாத் தோட்டங்களிற் பற்சிகிச்சை



பதுளைக்குப் புகைவண்டி வந்து சேர்ந்தது 1924-ஆம் ஆண்டில். அதற்கு முன்னரே பசறை, நமுனுகுலை, அப்புத்தளை மலைகளில் தேயிலை தழைத்திருந்தது. அதனைப் பேண நம்மவரும் குடியேறியிருந்தனர். தோட்டப் பகுதிகளில் வைத்திய வசதி வேண்டுமென்று 1872-இலேயே சட்டம் பிறந்தது. வேலையைத் தடுத்த காய்ச்சலும் வயிற்றுநோயும் சட்டத்தின் கண்ணிற் பட்டன. குழந்தையின் பல் படவில்லை. பல்வலிக்குக் கிராம்பும் உப்புநீருமே மருந்தாயின.

நியூசிலாந்து தேசம் 1921-இல் ஒரு புதுவழி கண்டது. பிள்ளைகள் வைத்தியரைத் தேடிப் போவதற்குப் பதிலாக, பயிற்சிபெற்ற தாதியர் பாடசாலைக்கே வந்து பல்லைப் பேணினர். கொழும்புத் திட்டத்தின் உதவியால் 1950-களில் மகரகமையிலும் அத்தகைய பயிற்சி தொடங்கிற்று. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது அரசாங்கப் பாடசாலையைப் பற்றிப் படர்ந்த கொடி. தோட்டப் பாடசாலைகளோ அந்நாளில் துரைமாரின் பொறுப்பில் இருந்தன.

1970-இல் ஒரு வியப்பு நிகழ்ந்தது. நோர்வே நாட்டுப் பேராசிரியர் ஹரால்ட் லோவும் அவர்தம் குழுவினரும் நமது மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்து, 14 வயது முதலான 480 ஆண் தொழிலாளரின் வாயைப் பரிசோதித்தனர். 1985 வரை பலமுறை மீண்டும் வந்தனர். பற்சிகிச்சையே பெறாதார், பற்தூரிகை அறியாதார் என்பதனாலேயே இவர்கள் தெரிந்தெடுக்கப்பட்டனர். சூத்தை அநேகமாக இல்லை. முரசு நோயோ எல்லோரிடமும் இருந்தது. நூற்றுக்கு எட்டுப் பேருக்கு அது விரைந்து முற்றிற்று; அவர்கள் 45 வயதிற்குள் பல்லனைத்தையும் இழந்தனர். உலகெங்கும் பல் வைத்திய மாணவர் இன்றும் அக்கணக்கைப் படிக்கின்றனர். நம்மவரின் குறையே பிறர்க்குப் பாடமாயிற்று!

சீனியும் இனிப்பும் மலிந்தால் சூத்தையும் மலியும். ஆறு வயதில் பாற்பற்களின் பின்னே முளைக்கும் கடைவாய்ப்பல் விழுந்து முளைப்பதன்று. ஆயுள் முழுதும் நிற்க வேண்டியது. அதனையும் பாற்பல்லென்று எண்ணி விட்டுவிடும் தாய்மார் பலர். அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. லயத்திலிருந்து பிள்ளையைப் பதுளைக்கு அழைத்துச் சென்றால் அன்றைய ‘பேர்’ போயிற்று. பேர் போனால் சம்பளம் போயிற்று. ஆகவே கன்னம் வீங்கும்வரை காத்திருக்கிறார்கள். வீங்கியபின் பல்லைப் பிடுங்குவதன்றி வேறு வழி அரிது.

1970-களில் தோட்டங்களும், அவற்றைத் தொடர்ந்து பாடசாலைகளும் அரசின் கைக்கு வரத் தொடங்கின. அப்போதுதான் தோட்டத்துப் பிள்ளையும் அந்தத் தாதியின் பார்வைக்குரிய மாணவனானான். தாதி பாடசாலைக்கு வருகின்ற நாளில் தாய் கொழுந்துக் கூடையை இறக்கிவைக்க வேண்டியதில்லை.