ஸ்க்ரீன்ஷாட் பரப்புறவங்களுக்கு தமிழ்ல என்ன பேர் தெரியுமா?

நம்பி ஒருத்தர்கிட்ட மனசுல இருக்கிறதையெல்லாம் கொட்டுறீங்க. மறுநாள் காலையில அது ஸ்க்ரீன்ஷாட்டா வேற ஒரு வாட்ஸ்அப் குரூப்ல சுத்துது. கோபத்துல என்ன சொல்லித் திட்டுவீங்க? 'சீப்', 'டாக்ஸிக்'... அதுக்கு மேல வார்த்தை வராதுல்ல? ஆனா, கீழ்த்தரமான நடத்தைக்கும் பெருந்தன்மையான நடத்தைக்கும் தமிழில் துல்லியமான சொற்கள் இருக்கின்றன. சிலவற்றைத் தெரிஞ்சுக்கலாம் வாங்க!

கயமை: கீழ்மைக் குணம். திருக்குறளின் 108-வது அதிகாரத்துக்குப் பெயரே இதுதான். தான் கேட்ட ரகசியத்தை அடுத்தவர்களிடம் கொண்டுபோய்ச் சொல்லும் ஆளை, அடித்து முழக்கும் பறைக்கு ஒப்பிடுகிறது 1076-வது குறள். ஸ்க்ரீன்ஷாட் பார்ட்டிக்கு அப்படியே பொருந்துதா?

புறங்கூறல்: புறம் என்றால் முதுகு. ஆள் இல்லாத இடத்தில் அவரைப் பற்றித் தப்பாகப் பேசுவது. நேர்ல சிரிச்சுட்டு, குரூப்ல கலாய்க்கிறதும் இதுல சேர்த்தி.

தழிஞ்சி: பலரும் மறந்துபோன அழகான சொல். தோற்று, முதுகு காட்டி ஓடுபவர்மீது வேல் வீசாத வீரத்துக்கு இந்தப் பெயரைத் தருகிறது 'புறப்பொருள் வெண்பாமாலை' என்ற இலக்கண நூல். ஒருத்தர் தப்பை ஒத்துக்கிட்டு, மன்னிப்பும் கேட்டு, போஸ்ட்டை டெலீட் பண்ணிட்டார். அதுக்கப்புறமும் துரத்தித் துரத்தி ட்ரோல் பண்ணாம விட்டீங்கன்னா, அது தழிஞ்சி!

ஊராண்மை: பகைவனுக்கே ஒரு கஷ்டம் வந்தால், அவனுக்கும் உதவுவது. வீரத்தின் கூர்மையே இதுதான் என்கிறது 773-வது குறள். படையெல்லாம் இழந்து தனியாக நின்ற ராவணனை, ராமன் கொல்லாமல் 'நாளைக்கு வா' என்று அனுப்பிவைத்ததை இதற்கு உதாரணமாகக் காட்டுகிறார் உரையாசிரியர் பரிமேலழகர்.

பேராண்மை: 2009-ல் வந்த படம் ஞாபகம் வருதா? பிறன் மனைவியை ஆசையோடு பார்க்காமல் இருப்பதை 'பேராண்மை' என்கிறது 148-வது குறள். கவனிங்க, அடுத்தவரை அடக்குறது இல்ல, தன் ஆசையைத் தானே அடக்கி ஆள்றதுதான் பெரிய வீரம். 'வேண்டாம்'னு சொன்னவங்களுக்கு மறுபடி மறுபடி மெசேஜ் போடாம விலகுறதும் அந்த வகைதான்.

கோழைத்தனம்: பயந்து பின்வாங்குபவரை 'பேடி', 'பொட்டை' என்று திட்டும் பழக்கம் இன்னும் இருக்கு. அப்படித் திட்டும்போது, சம்பந்தமே இல்லாத திருநங்கைகளையும் பெண்களையும் சேர்த்துக் கேவலப்படுத்துறோம். பயத்துக்கு ஆண், பெண் கிடையாது பாஸ். கோழைத்தனத்தைக் கோழைத்தனம்னு சொன்னாலே போதும்.

இந்த நல்ல சொற்களில் ஒரு ஒற்றுமை இருக்கு. தழிஞ்சி, ஊராண்மை, பேராண்மை மூன்றுமே, அடிக்க முடிந்தும் அடிக்காமல், எடுக்க முடிந்தும் எடுக்காமல் இருப்பதைத்தான் வீரம் என்கின்றன.

அடுத்த முறை யாரோட ரகசியமாவது உங்க போனுக்கு வந்தா, ஃபார்வர்டு பட்டன் பக்கத்துலதான் இருக்கும். அழுத்துறது ரொம்ப ஈஸி. அழுத்தாம இருந்து பாருங்களேன்!