நீலக் கடற்கரையில் ஒரு பேருந்துச் சுற்று

வழிகாட்டியுடன் செல்லும் சுற்றுலாப் பேருந்தும் ஒரு வகையில் வரலாற்றாசிரியர்தான். எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது, எதைச் சன்னல் வழியே காட்டிவிட்டுக் கடந்து போவது என்பதையெல்லாம் அதுவே முடிவு செய்கிறது. இறங்கி வீடு திரும்பும் பயணிக்கு அந்த முடிவுகளே அந்நிலத்தின் வரலாறாக மனத்தில் தங்கிவிடுகின்றன. பிரான்சின் தென்கிழக்கு மூலையில், ஆல்ப்ஸ் மலைகள் மத்தியதரைக் கடலில் இறங்கும் இடத்தில், நீஸ் நகரில் தொடங்கி மொனாக்கோ வழியாக இத்தாலிய எல்லையிலுள்ள மாந்தோன் வரை செல்லும் ஒரு நாள் சுற்றினை எடுத்துக்கொண்டால் இது நன்கு விளங்கும். தொலைவு ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். ஆனால் உலகின் மிகச் செல்வம் கொழிக்கும் கடற்கரைகளுள் இதுவும் ஒன்று.

நம் இலக்கணம் கடலும் கடல் சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்கு இரங்கலை உரிப்பொருளாக வகுத்தது. மாளிகைகளும் சூதாட்ட விடுதிகளும் உல்லாசப் படகுகளும் நிறைந்த கடற்கரைக்கும் இரங்கலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். இக்கடற்கரையின் செல்வம் எவ்வாறு வந்தது என்று பின்னோக்கிப் பார்க்கும்போது அத்தொடர்பு புலப்படும். இங்கே மண்ணில் பெரிதாக எதுவும் விளையவில்லை. ஒலிவமும் எலுமிச்சையும் மீனும் தந்த எளிய வாழ்வுதான் 18ஆம் நூற்றாண்டு வரை இருந்தது. பிறகு வந்த செல்வத்தைக் கொண்டு வந்தவர்களுள் முதன்மையானோர் வடநாடுகளின் குளிருக்கு அஞ்சி ஓடிவந்த நோயாளிகள்.

நீஸ்: ஆங்கிலேயர் பாதை

பேருந்து புறப்படும் இடம் பெரும்பாலும் கடலோரத்துப் 'புரோமெனாட் தெ ஸாங்கிலே', அதாவது ஆங்கிலேயர் உலாப்பாதை. இன்று ஏழு கிலோமீட்டர் நீளும் இந்த அகன்ற சாலை, தொடக்கத்தில் இரண்டு மீட்டர் அகலமேயுள்ள ஒற்றையடிப் பாதை. 1820களின் தொடக்கத்தில் ஒரு கடுங்குளிரில் ஆரஞ்சு மரங்கள் பட்டுப்போயின. வேலையிழந்த எளியோர் தெருக்களில் இரந்து நின்றனர். அங்குக் குளிர்காலம் கழிக்க வந்திருந்த ஆங்கிலேயருள் ஒருவரான லூயிஸ் வே என்னும் பாதிரியார், தம் நாட்டாரிடம் பணம் திரட்டி, அந்த ஏழைகளைக் கொண்டே கடலோரம் நடக்க ஒரு பாதை போடுவித்தார். பஞ்ச நிவாரணப் பணி என்று நம் மாவட்ட வரலாறுகளில் நாம் படிக்கும் வகையைச் சேர்ந்த வேலைதான் இது. நடப்பதற்காகப் பணம் தந்தவர்களின் பெயர் பாதைக்கு நிலைத்தது. கல் சுமந்தவர்களின் பெயர் எங்கும் இல்லை.

அந்நாளில் நீஸ் பிரான்சுக்கு உரியதன்று என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். 1388 முதல் (இடையே சில ஆக்கிரமிப்புக் காலங்கள் நீங்கலாக) அது சவாய் அரச மரபின் ஆட்சியில் இருந்தது. இத்தாலிய ஒருமைப்பாட்டின் வீரராகிய கரிபால்டி 1807இல் பிறந்தது இந்நகரில்தான். இத்தாலியை ஒன்றிணைக்கும் போரில் பிரான்சு செய்த உதவிக்கு ஈடாக 1860இல் நீஸ் பிரான்சுக்குக் கொடுக்கப்பட்டது. தாம் பிறந்த ஊரைத் தம் தரப்பினரே கைமாற்றிவிட்டதைக் கரிபால்டி இறுதிவரை மன்னிக்கவில்லை.

1860 வரை, நீஸுக்கு மேற்கே ஓடும் வார் ஆறுதான் இரு நாடுகளுக்கும் எல்லை. அந்த எல்லையால் உருவான ஊர் ஒன்று உண்டு. 1834இல் இங்கிலாந்தின் முன்னாள் சான்சலர் புரூம் பிரபு, நோயுற்ற தம் மகளை அழைத்துக்கொண்டு இத்தாலிக்குச் சென்றுகொண்டிருந்தார். காலரா பரவாமலிருக்க வார் ஆற்றங்கரையில் காவலர்கள் பயணிகளைத் தடுத்தனர். திரும்பிச் சென்று அவர் தங்கிய மீனவச் சிற்றூரின் பெயர் கான். இடம் பிடித்துப்போகவே நிலம் வாங்கி மாளிகை கட்டினார். அவரைப் பின்தொடர்ந்து ஆங்கிலேயச் செல்வர்கள் குவிந்தனர். திரைப்பட விழாவால் இன்று உலகமறிந்த கான் நகரின் வரலாறு இப்படி ஒரு தொற்றுத் தடுப்புத் தடையில் தொடங்குகிறது. மாளிகைக்கு அவர் தம் மகளின் பெயரையே சூட்டினார். மகளோ 1839இல் இறந்துபோனாள்.

நீஸின் மேட்டுப்பகுதியாகிய சிமியேவில் உரோமானிய நகரின் சிதைவுகளுக்கு அருகே, 1897இல் திறக்கப்பட்ட ரெஜினா விடுதி நிற்கிறது. விக்டோரியா அரசியை மனத்திற்கொண்டே அது கட்டப்பட்டது. 1890களின் பிற்பகுதியில் அவர் ஆண்டுதோறும் சிமியேவுக்கு வந்தார். 1897 பயணத்தில், அவருக்கு உருது கற்பித்த முன்ஷி அப்துல் கரீமும் உடன் வரப்போகிறார் என்று அறிந்து அரண்மனைப் பணியாளர்கள் கொதித்தெழுந்தனர். அரசி விட்டுக்கொடுக்கவில்லை. ஆக்ராவிலிருந்து வந்த அந்த இந்தியரும் இக்கடற்கரையின் வெயிலில் நடந்திருக்கிறார்.

உருசியர்களும் அவ்வாறே வந்தனர். பட்டத்து இளவரசர் நிக்கொலாய் அலெக்சாந்தரோவிச் 21 வயதில் 1865இல் நீஸில் இறந்தார். அவர் இறந்த இடத்தருகே எழுப்பப்பட்ட உருசியப் பேராலயம் 1912இல் நிறைவுற்றது. வெங்காயக் குவிமாடங்களை ஒளிப்படம் எடுக்கும் பயணிகளுள் பலர் அதனை ஆடம்பரத்தின் சின்னமாகவே காண்கின்றனர். காசநோயாளியான செகாவ் 1897–98 குளிர்காலத்தையும், மீண்டும் 1900–01 குளிர்காலத்தின் ஒரு பகுதியையும் இந்நகரின் உருசிய விடுதி ஒன்றில் கழித்தார். 'மூன்று சகோதரிகள்' நாடகத்தை அவர் திருத்தியமைத்தது இங்கேதான். மாஸ்கோவுக்குப் போக ஏங்கும் பெண்களைப் பற்றிய நாடகம், மாஸ்கோவின் குளிரைத் தாங்கவியலாத மனிதரால் இந்த வெயிலில் செப்பம் பெற்றது.

காப் ஃபெரா: மாளிகைகளும் இரப்பரும்

அடுத்து வரும் காப் ஃபெரா முனையில் பேருந்துகள் நிற்பது எஃப்ருஸி தெ ரோத்சைல்டு மாளிகைக்காக. வங்கிக் குடும்பத்தில் பிறந்த பெயாட்ரிஸ் எஃப்ருஸி 1905இல் நிலம் வாங்கி, 1912 வரை கட்டிய இளஞ்சிவப்பு மாளிகை இது. பல நாட்டுப் பாணிகளில் தோட்டங்கள், பீங்கான் தொகுப்புகள், இருபுறமும் கடல் என்று காண்பதற்கு நிறைய உண்டு. 1934இல் அவர் இறந்தபோது தம் கலைத்தொகுப்புடன் இதனைப் பிரெஞ்சு நுண்கலைக் கழகத்துக்கு எழுதி வைத்ததால்தான் நம் போன்றோர் உள்ளே செல்ல முடிகிறது.

அதே முனையில் பொதுமக்கள் நுழைய இயலாத பெருந்தோட்டங்கள் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டுக்கு உரியவையாக இருந்தன. 1885 முதல் 1908 வரை கொங்கோ நாடு முழுவதும் அம்மன்னரின் தனிச்சொத்து. இரப்பர்ப் பால் போதிய அளவு கொண்டு வராத ஊர்களில் சிறைப்பிடிப்பும், கொலையும், கை வெட்டுதலும் நடந்தன என்பது அக்காலத்திலேயே விசாரணைகளில் வெளியானது. அவ்வாறு வந்த பணத்தின் ஒரு பகுதியே இம்முனையில் நிலங்களாகவும் மாளிகைகளாகவும் மாறியது. அவற்றுள் 'லெ ஸெத்ர்' என்னும் மாளிகை 2019இல் 20 கோடி யூரோவுக்கு விற்பனையானது. செய்தித்தாள்கள் அந்த விலையைக் கண்டு வியந்தன.

லா துர்பி: அகஸ்டஸின் மெய்க்கீர்த்தி

கடலோரத்திலிருந்து மேலேறும் பெரிய கார்னிஷ் சாலையில் லா துர்பி என்னும் மலையூர். அங்குள்ள வெற்றித்தூண் கி.மு. 7–6 ஆண்டளவில் அகஸ்டஸ் பேரரசருக்காக எழுப்பப்பட்டது. ஆல்ப்ஸ் மலைக்குடிகளை வென்றதைப் பறைசாற்றும் அதன் கல்வெட்டில், தோற்ற குடிகளின் பெயர்கள் 40-க்கும் மேல் வரிசையாக இடம்பெறுகின்றன. சோழர் மெய்க்கீர்த்திகளைப் பாடம் சொல்லும் எனக்கு இவ்வரிசை அயலாகத் தோன்றவில்லை. வென்றவன் பெயர் ஒன்று, தோற்றவர் பெயர் பட்டியல். தோற்றவர்கள் அக்கல்வெட்டில் பெயர் பெற்றதால்தான் அவர்களுள் பலரை இன்று நாம் அறிகிறோம் என்பதும் மெய்க்கீர்த்திகளுக்குப் பொருந்துவதே.

இத்தூணை 1705இல் பதினான்காம் லூயியின் ஆணைப்படி வெடிவைத்துத் தகர்த்தனர். சிதறிய கற்கள் ஊராரின் கட்டடங்களுக்குப் பயன்பட்டன. 1930களில் ஓர் அமெரிக்கச் செல்வரின் நிதியுதவியால் ஒரு பகுதி மீண்டும் எழுப்பப்பட்டபோது, துண்டு துண்டாகக் கிடந்த கல்வெட்டை எவ்வாறு வரிசைப்படுத்தினர்? மூத்த பிளினி தம் 'இயற்கை வரலாறு' நூலின் மூன்றாம் பகுதியில் அதனை முழுமையாகப் படியெடுத்து வைத்திருந்தார். அதே நூலின் ஆறாம் பகுதியில்தான் முசிறித் துறைமுகத்தையும், பாண்டியனையும், அவன் இருந்த மதுரையையும், மிளகு ஏற்றிவரும் தோணிகளையும் அவர் குறிப்பிடுகிறார். ஆல்ப்ஸ் மலைக்குடிகளின் பெயர்களையும் நம் துறைமுகத்தின் பெயரையும் ஒரே மனிதர் ஒரே நூலில் எழுதிவைத்தார் என்பதை அந்தத் தூணின் அடியில் நின்று நினைப்பது தமிழ் வாசகனுக்கு மட்டும் கிடைக்கும் கூடுதல் பயன்.

மொனாக்கோ: வரியில்லா வாழ்வு

மொனாக்கோவில்தான் பேருந்து மிக நீண்ட நேரம் நிற்கும். எனவே சுருக்கமாகச் சொல்லலாம். 1848இல் மாந்தோனும் ரோக்புருனும் வரிச்சுமை தாங்காமல் பிரிந்து சென்றன. 1861இல் அவ்விரு ஊர்களின் மீதான உரிமையை 40 இலட்சம் பிராங்குக்குப் பிரான்சிடம் விட்டுக்கொடுத்த பிறகு, மன்னரிடம் எஞ்சியது ஒரு பாறையும் அதன் சுற்றுப்புறமும். வருவாய்க்கு வழி தேடிய அரசு 1863இல் ஃபிரான்சுவா பிளாங் என்பவருக்குச் சூதாட்ட உரிமத்தை வழங்கியது. 1868இல் இரயில் வந்தது. அடுத்த ஆண்டே குடிமக்களுக்கு நேரடி வரிகள் நீக்கப்பட்டன. அக்குடிமக்கள் சூதாடத் தடையும் இருந்தது. தன் மக்களைச் சூதிலிருந்து காத்து, அயலாரின் சூதில் தன் மக்களைக் காத்த அரசு அது.

மாந்தோன்: மலை மேல் கல்லறைகள்

இறுதி நிறுத்தம் மாந்தோன். எலுமிச்சை மரங்களும் மஞ்சள் வண்ண வீடுகளும் உள்ள அழகிய ஊர். 1859இல் ஜேம்ஸ் ஹென்றி பென்னட் என்னும் ஆங்கில மருத்துவர் தாம் சாகப்போவதாக எண்ணி இங்கு வந்தார், தேறினார். அக்குளிர்கால வெயிலைப் புகழ்ந்து நூல் எழுதினார். அந்நூலைப் படித்த காசநோயாளிகள் ஐரோப்பாவெங்கும் இருந்து வந்தனர். நோய்க்கிருமியைக் கோக் கண்டறிந்தது 1882இல்தான். முறையான மருந்து வர 1940கள் ஆயிற்று. அதுவரை வெயிலும் காற்றுமே மருந்து. பலருக்கு அவை பயன்படவில்லை. ஓவியர் ஆப்ரி பியர்ட்ஸ்லி 1898இல் 25 வயதில் இங்கு இறந்தார்.

பழைய கோட்டை இருந்த குன்றின் உச்சியில் கல்லறைத் தோட்டம் உள்ளது. ஆங்கிலேயர், உருசியர், செருமானியர் என்று பல நாட்டார் அங்கே உறங்குகின்றனர். கற்களில் பொறித்த வயதுகளைக் கணக்கிட்டுக்கொண்டே நடந்தால், இருபதுகளில் இறந்தோர் இத்தனை பேரா என்ற திகைப்பு எழும். இரக்பி ஆட்டத்தின் தோற்றத்தோடு பெயர் இணைத்துப் பேசப்படும் வெப் எல்லிஸின் கல்லறை அங்குள்ளதால் விளையாட்டு ஆர்வலர் சிலர் மட்டும் ஏறி வருகின்றனர்.

இன்னும் சற்று மேலே திராபுக்கே கல்லறைத் தோட்டம். முதல் உலகப்போரில் பிரான்சு தன் ஆப்பிரிக்கக் குடியேற்றங்களிலிருந்து கொண்டு வந்த வீரர்கள் வடக்கின் குளிரைத் தாங்காததால், குளிர்காலத்தில் இக்கடற்கரை முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். மாந்தோனின் சொகுசு விடுதிகள் மருத்துவமனைகளாயின. அங்கு இறந்த செனகல் படையினர் திராபுக்கேயில் புதைக்கப்பட்டனர். செல்வர்கள் எந்தக் காற்றை நாடி வந்தார்களோ அதே காற்றை நாடி, தம் விருப்பத்தைக் கேட்காத ஓர் அரசின் ஆணையால் வந்தவர்கள் இவர்கள்.

'நீலக் கடற்கரை' என்று பொருள்படும் 'கொத் தஸ்ஸூர்' என்னும் பெயர் இந்நிலத்துக்கு 1887இல்தான் வந்தது. ஸ்டெஃபான் லியெஜார் என்னும் எழுத்தாளர் தம் நூலுக்கு இட்ட தலைப்பு அது. அவருடைய பிறந்த மாவட்டத்தின் பெயர் 'கொத் தோர்', பொன் மலைச்சரிவு. பொன்னை நீலமாக மாற்றிய அப்பெயருக்குப் பின், நோயாளிகளின் கடற்கரை உல்லாசிகளின் கடற்கரையாயிற்று. 1920களில் கோடையும் பருவமாயிற்று. 1936இல் ஊதியத்துடன் கூடிய விடுமுறை சட்டமானதும் தொழிலாளரும் வந்தனர். 2021இல் நீஸ் 'குளிர்கால உறைவிட நகரம்' என்ற அடிப்படையில் உலக மரபுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. நோயாளிகள் தேடி வந்த அந்தக் குளிர்காலம் அப்பெயரிலேனும் எஞ்சியிருக்கிறது.

வாசகர் எவரேனும் அப்பக்கம் செல்ல வாய்ப்பு நேர்ந்தால், மாந்தோனில் தரப்படும் ஓய்வு நேரத்தில் கடைத்தெருவை விட்டுப் பழைய நகரின் படிகளில் ஏறுங்கள். மேலிருந்து பார்க்கும்போது கடல் மிக அழகாகத்தான் இருக்கிறது. முதலில் வந்தவர்களும் அந்த அழகையே பார்த்துக்கொண்டு அங்கே கிடக்கிறார்கள்.