பண்ணைப்புரத்தில் ஒரு சத்தமில்லாப் பொட்டி

"எந்த ஊருங்க?"

"பண்ணைப்புரம்."

"அட, ராஜா ஊரா! அப்ப நீங்களும் பாடுவீங்க?"

பாட வராது மக்கா. வாசிக்கவும் வராது. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஸ்க்ரூ டிரைவரும் ஸால்டரிங் அயர்னும்தான். அதனால ஊர்ப் பெருமையை என் வழியில கொஞ்சம் காப்பாத்தலாம்னு ஒரு கொசுவத்தி சுத்துறேன். ஒரு கம்ப்யூட்டரைச் சத்தமே இல்லாம, கொஞ்சூண்டு கரண்ட்ல, கூடத்து டிவிக்குப் பக்கத்துல ஓட வைக்க மனுசங்க பட்ட பாடு இருக்கே, அதோட வரலாறு.

டிஸ்கி: இதைப் படிச்சு யாரும் பொட்டி செய்யக் கிளம்ப வேணாம். இப்ப கடையில தீப்பெட்டி சைஸ்லயே கிடைக்குது :-)

ஆரம்பம் 2002-ன்னு வச்சுக்கலாம். அந்த வருசம்தான் மைக்ரோசாப்ட் எக்ஸ்பியில மீடியா சென்டர்னு ஒரு பதிப்பு விட்டாங்க. சோபாவுல சாய்ஞ்சுக்கிட்டு ரிமோட்ல படம், பாட்டு, டிவி எல்லாம் பாக்கலாம். அதே வருசம் லினக்ஸ் ஆளுங்க மித்டிவி ஆரம்பிச்சாங்க. இன்னொரு கூட்டம் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பொட்டியை உடைச்சு அதுல படம் ஓட்டிச்சு. அது எக்ஸ்பிஎம்சி ஆகி, 2014-ல கோடின்னு பேர் மாறிச்சு. சைலன்ட் பிசி ரிவ்யூ தளம் வந்ததும் 2002-லதான். கம்ப்யூட்டர் ஃபேன் எவ்வளவு இரையுதுன்னு மைக் வச்சு அளந்து எழுதுறதே அப்ப அவங்க பொழப்பா இருந்துச்சு.

வெள்ளைக்காரனுக்கு ஏன் இந்தச் சத்தப் பிரச்சினை? அவன் வீட்ல சன்னல் சாத்தியிருக்கும், தரையில கம்பளம் கெடக்கும், சீலிங் ஃபேன் பெரும்பாலும் இருக்காது. படத்துல அமைதியான காட்சி வந்தா பொட்டியோட இரைச்சல் முன்னாடி வந்து நிக்கும். எங்க வீட்ல? மேல எழுபது வாட் சீலிங் ஃபேன் கடகடன்னு சுத்தும். வெளிய மினி பஸ் ஹாரன். இதுல கம்ப்யூட்டர் ஃபேன் சத்தத்தை யார் கேட்டா? அப்படித்தான் நானும் நினைச்சேன்.

அப்பாவைப் பத்திச் சொல்லணும். அவர் மைக் செட்காரர். கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம்னு தேவாரம், கோம்பை வரைக்கும் கொழாய் கட்டினவர். (பாவலர் வரதராசன் குழுவுக்கு மைக் கட்டுனீங்களான்னு கேக்காதீங்க. அவங்க 1958-ல தேவிகுளம் இடைத்தேர்தலுக்குப் பாடப் போனப்போ எங்கப்பா டவுசர் போட்ட பய.) எண்பதுகள்ல மைக் செட்டோட டெக்கும் வாடகைக்கு விட்டார். ராத்திரிக்கு ஒரு டிவி, ஒரு டெக், மூணு கேசட். மந்தையில பாய் விரிச்சு விடியவிடிய படம். என்னைக் கேட்டா எங்க பக்கத்து முதல் ஹோம் தியேட்டர் அதுதான், என்ன, வீடுதான் இல்ல. முக்கியமான ஒண்ணு: அப்பா எந்த வேலைக்குப் போனாலும் ஒரு லாரி பேட்டரியைத் தூக்கிக்கிட்டுத்தான் போவார். மைக் செட் ஆம்ப்ளிஃபயர்ல பின்னாடி 12 வோல்ட்டுக்குன்னு தனியா ரெண்டு முனை இருக்கும். கரண்ட் போனாலும் மாப்பிள்ளை அழைப்பு நிக்கக் கூடாதுல்ல. அந்தப் பேட்டரி பின்னாடி திரும்ப வரும்.

தொழிலை விட்டப்போ அவர்கிட்ட மிச்சம் இருந்தது நானூறு சொச்சம் கேசட். கடையில வாங்கினது, ரெக்கார்டிங் சென்டர்ல லிஸ்ட் குடுத்துப் பதிஞ்சது, திருவிழாவுல அவரே பதிஞ்சதுன்னு எல்லாம் கலந்து. பூஞ்சை பிடிக்க ஆரம்பிச்சிருச்சு. "இதையெல்லாம் ஒரு பொட்டிக்குள்ள போட்டுக் குடுடா தம்பி"ன்னார். 2005-ல ரிச்சி தெருவுல சாமான் வாங்கி ஊருக்கு ஒரு கம்ப்யூட்டர் கட்டிக் கொண்டு போனேன். பென்டியம் 4.

இங்க கொஞ்சம் வரலாறு. வேகம்னா கிகாஹெர்ட்ஸ்னு இன்டெல் ஓடிக்கிட்டு இருந்த காலம் அது. 2004 பிப்ரவரியில வந்த பிரெஸ்காட் வகை நூறு வாட்டைத் தாண்டிச்சு. மேல்படி மாடல் 115 வாட். இட்லிச் சட்டி வைக்கலாம்யா! அதே கம்பெனியோட இஸ்ரேல் கிளை, லேப்டாப்புக்குன்னு செஞ்ச பென்டியம் எம் 2003-லயே வெறும் 24.5 வாட்ல கிட்டத்தட்ட அதே வேலையைச் செஞ்சுது. கடைசியில ஜெயிச்சது அந்த வழிதான். 2006-ல வந்த கோர் 2 அந்தப் பரம்பரை. ஏஎம்டிக்காரங்க 2003-லயே அத்லான் 64-ல வேலை இல்லாதப்போ வேகத்தைத் தானா குறைக்கிற வசதி வச்சு, 'கூல் அண்ட் கொயட்'னு பேரும் வச்சாங்க. தைவான் வியா கம்பெனி இன்னும் முன்னாடி. 17 செ.மீ.க்கு 17 செ.மீ. போர்டு, அதுல ஃபேனே இல்லாத மாடலும் உண்டு. ஆனா ஆள் நோஞ்சான். டிவிடிக்கே மூச்சு வாங்கும்.

நம்ம பொட்டிக்கு வருவோம். ஓட்டின முதல் நாளே அப்பா, "இரையுதேடா"ன்னார். எனக்குக் கேக்கல. மைக் செட்காரன் காது. அப்புறம் ஒரு ராத்திரி கரண்ட் போச்சு. சீலிங் ஃபேன் நின்னு இன்வெர்ட்டர்ல பொட்டி மட்டும் ஓடினப்பதான் எனக்கும் கேட்டுச்சு. ரைஸ் மில் மாதிரி.

முதல் காரணம் பஞ்சு. எங்க மாவட்டத்துல நூல் மில்லுக்குப் பஞ்சமில்ல. காத்துல பஞ்சுத் தூசி மிதக்கும். ஆறு மாசத்துல ஹீட் சிங்க் இடுக்கெல்லாம் மெத்தை தச்ச மாதிரி அடைச்சிருச்சு. காத்து போகலைன்னா சூடு ஏறும், சூடு ஏறினா ஃபேன் வெறி பிடிச்சுச் சுத்தும். தீர்வு, பஞ்சர் கடை கம்ப்ரஸர். (ஃபேனை விரலால பிடிச்சுக்கிட்டு அடிக்கணும். இல்லைன்னா அது தாறுமாறா சுத்தி பேரிங் போயிரும். ஒண்ணு போச்சு.) ரெண்டாவது, 12 வோல்ட் ஃபேனை 7 வோல்ட்ல ஓட்டறது. மஞ்சள் வயருக்கும் சிவப்பு வயருக்கும் நடுவுல மாட்டினா 12-லருந்து 5 போக 7. உலகம் பூரா சத்தப் பைத்தியங்க செஞ்ச வித்தை இது. ஃபேன் வேகம் பாதியானா சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் குறையும். மூணாவது, ஹார்ட் டிஸ்க். இரும்பு கேஸ்ல திருகினா மர ஷோகேஸ் மொத்தமும் தபேலா வாசிக்கும். சைக்கிள் டியூபை வெட்டி ஊஞ்சல் கட்டித் தொங்க விட்டேன். அதோட அது அடங்கிச்சு.

நாலாவது பிரச்சினைதான் மண்டையைக் குடைஞ்சது. டிவி ட்யூனர் கார்டுல கேபிள் வயரைச் சொருகினா ஸ்பீக்கர்ல 'ம்ம்ம்'முன்னு ஒரு ரீங்காரம். ரெண்டு வாரம் சவுண்ட் கார்டைத் திட்டிக்கிட்டு இருந்தேன். அப்பா ஒரே நிமிசத்துல, "எர்த்து ரெண்டு எடத்துல இருக்குடா"ன்னார். கேபிள்காரர் எர்த் வேற, வீட்டு எர்த் வேற. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் நம்ம ஸ்பீக்கர் வழியா ஓடுது. பரண்ல கெடந்த பழைய ஆன்டெனா பலூன் ரெண்டை (ஊதுற பலூன் இல்லீங்க, தட்டை ரிப்பன் வயரை வட்ட வயரா மாத்துற குட்டி டிரான்ஸ்பார்மர்) முதுகோட முதுகா சேர்த்துக் குடுத்தார். அது வழியா படம் போகும், எர்த் போகாது. ரீங்காரம் செத்துச்சு. தூர்தர்ஷன் காலத்துச் சாமான்.

சத்தம் ஒரு வழியா முடிஞ்சுதுன்னு பாத்தா, 2008-லருந்து தமிழ்நாட்ல மின்வெட்டு. 2012-ல சென்னைக்கு வெளிய பல ஊர்ல நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல. இதுல ஒரு வயித்தெரிச்சல் உண்டு. எங்க பள்ளத்தாக்கோட தென்கோடியில லோயர் கேம்ப். 1895-ல கட்டி முடிச்ச முல்லைப் பெரியாறு அணைத் தண்ணி மலையிலருந்து எறங்கி அங்க கரண்ட் ஆகுது. 35 மெகாவாட் வீதம் நாலு எந்திரம்னு கட்டினது. ஆண்டிபட்டிப் பக்கம் போனா காத்தாடி. கரண்ட் பொறக்கிற ஊர்ல அரிக்கேன் லைட்டு!

அதுவரைக்கும் நான் டெசிபல் எண்ணிக்கிட்டு இருந்தேன். அப்புறம் வாட் எண்ண ஆரம்பிச்சேன். இன்வெர்ட்டர் பேட்டரி 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி. காகிதத்துல 1800 வாட் மணி, கைக்கு வர்றது ஆயிரம். பென்டியம் பொட்டி 120, பழைய குண்டு டிவி 70, ஃபேன் 70. நாலு மணி நேரத்துல படுத்துரும். போதாததுக்கு, கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறுற அந்தக் கண்ணிமைக்கிற நேரத்துல பொட்டி ரீஸ்டார்ட் ஆகிரும். கேசட் பாதி பதிஞ்சுக்கிட்டு இருக்கறப்ப போனா, மறுபடி முதல்லருந்து. பூஞ்சை பிடிச்ச டேப்பை எத்தனை தடவை ஓட்டறது?

விடிவு வந்தது ஆட்டம் ப்ராசஸர்ல. 2008-ல வந்த ஆட்டம் 230 வெறும் 4 வாட். ஆனா ஆட்டம் காட்டுனது பக்கத்துல இருந்த சிப்செட், அது 22 வாட்! ப்ராசஸர் தலையில சின்னத் தகடு, சிப்செட் தலையில ஃபேன். குதிரையை விட லகான் கனம். அடுத்த வருசம் என்விடியாவோட அயன் வந்தது. படத்தைப் பிரிக்கிற வேலையை அதுவே செஞ்சுரும், ப்ராசஸர் சும்மா உக்காந்திருக்கும். எக்ஸ்பிஎம்சியும் அதுக்கேத்த மாதிரி மாறிச்சு. சுவத்துல அளந்தா 30 வாட்டுக்குள்ள முழு எச்.டி. படம். வெள்ளைக்காரன் அமைதிக்காக அதை வாங்கினான். நான் வாங்கினது பேட்டரிக்காக. சூடு கம்மின்னா ஃபேனுக்கு வேலை கம்மி, அதனால அமைதி எனக்கு இனாமா வந்துச்சு.

இன்னொரு இனாமும் வந்துச்சு. ரீஸ்டார்ட் நின்னு போச்சு. எஸ்எம்பிஎஸ்க்குள்ள இருக்கிற பெரிய கெப்பாசிட்டர், கரண்ட் இல்லாத அந்த இடைவெளியைத் தாங்கணும். 120 வாட் இழுத்தா பதினஞ்சு இருபது மில்லி செகண்டு தாங்கும். 30 வாட்தான் இழுத்தா அதே கெப்பாசிட்டர் நாலு மடங்கு நேரம் தாங்கும். இதை நான் எங்கயும் படிச்சதில்ல. ஒரு மாசம் ரீஸ்டார்ட் ஆகாம இருக்கவும் ஏன்னு உக்காந்து கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சது.

ஆனா ஆம்ப்ளிஃபயர் மட்டும் இன்வெர்ட்டர்ல உறுமும். எங்க இன்வெர்ட்டர் குடுக்கிறது சதுர அலை. டிரான்ஸ்பார்மருக்கு அது ஆகாது. சைன் வேவ் இன்வெர்ட்டர் வாங்கிரலாமான்னு நான் விலை பாத்துக்கிட்டு இருந்தப்ப அப்பா கேட்டார்:

"பேட்டரியில இருக்கிறது எத்தன வோல்ட்டு?"

"பன்னெண்டு."

"ஒன் பொட்டிக்குள்ள ஃபேன், டிஸ்க் எல்லாம்?"

"பன்னெண்டு, அஞ்சு..."

"பெறகு எதுக்குடா பன்னெண்ட இருநூத்தி முப்பது ஆக்கி, திரும்பப் பன்னெண்டு ஆக்குற?"

பதில் இல்ல. இன்வெர்ட்டர் சும்மா நின்னாலே பத்துப் பதினஞ்சு வாட் குடிக்கும், 25 வாட் பொட்டிக்கு அது வட்டிக் கடை. தேடினா, கார்ல கம்ப்யூட்டர் வைக்கிறவங்களுக்குன்னு ஒரு கையகல சப்ளை விக்குது. பேட்டரி ஏறி இறங்கினாலும் தாங்கும். 12 வோல்ட்ல ஓடுற குட்டி டி வகை ஆம்ப்ளிஃபயரும் அதுக்குள்ள மலிவா வந்திருச்சு. ரெண்டையும் நேரா பேட்டரியில கட்டினோம். ஃபியூஸைப் பொட்டிப் பக்கம் மாட்டப் போனேன். கையைத் தட்டி விட்டார். "பேட்டரிப் பக்கத்துல போடு. நடு வயர் உரசுனா பொட்டியா எரியும்? வீடு எரியும்."

2013-ல ராஸ்பெர்ரி பை வாங்கினேன். 2012-ல 35 டாலர்னு வந்த போர்டு. மூணு நாலு வாட்தான். மஞ்சள் வீடியோ சாக்கெட் இருந்ததால அரசு குடுத்த 14 இஞ்ச் டிவியிலயே படம் வந்துச்சு! ஒரே வேடிக்கை, புதுப் படமெல்லாம் ஓடும், பழைய டிவிடி திணறும். எம்பெக்-2 உரிமத்தை விலைக்குள்ள சேர்க்காம, தனியாக் காசு குடுத்தா ஒரு சாவி எண் தருவாங்க. கடைசியா, 2023-ல வந்த பை 5-க்கு மேல ஃபேன் மாட்டச் சொல்றாங்க. எங்க ஆரம்பிச்சமோ அங்கயே!

மீடியா சென்டரை மைக்ரோசாப்ட் 2015-ல விண்டோஸ் 10-ஓட கை கழுவிருச்சு. அடுத்த வருசம் ஜியோ வந்து படம், பாட்டெல்லாம் போனுக்குப் போயிருச்சு. அந்த வருசமே அப்பாவும் போயிட்டார்.

அதுக்கு மூணு வருசம் முன்னாடி ஒரு ராத்திரி. வழக்கம் போல மின்வெட்டு. தெருவே கம்முனு கெடக்கு. அப்பா 1983 திருவிழா கேசட்டைப் போடச் சொன்னார். பென்டியம் பொட்டியில நூறு தடவை ஓட்டினதுதான். நாயனம் ஓஞ்சு, அடுத்தவங்க மேடை ஏறுற வரைக்கும் ஒரு இடைவெளி. அதுல ரொம்பத் தூரத்துல 'டுபு டுபு'ன்னு ஒரு சத்தம். அதுவரைக்கும் அந்த டேப்ல நான் கேட்டதே இல்ல.

"என்னப்பா அது?"

"ஜெனரேட்டர். கோயிலுக்குப் பின்னாடி கிணத்து மேட்டுல வச்சிருந்தோம்."

கொஞ்ச நேரம் காதைச் சாச்சுக் கேட்டார்.

"ஒரு பெல்ட்டு லூசு. அன்னைக்கே சொன்னேன், அந்தப் பய கேக்கல."