தற்கொலை எண்ணம்: கேட்கத் தயங்க வேண்டாம், மருத்துவமனைக்குப் போகப் பயப்பட வேண்டாம்

செலண்டார் - வீட்டில் ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றுவிட்டால், "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேஸாகிவிடுமே" என்ற பயம் குடும்பத்தாரைக் கட்டிப்போட்டுவிடும். அதற்குக் காரணமும் இருந்தது. தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவின்படி தற்கொலை முயற்சி குற்றம். ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

இப்போது அந்தப் பிரிவு இல்லை. அதை நீக்கும் மசோதாவை 2023 மே மாதம் மக்களவை நிறைவேற்றியது. அவ்வாண்டு செப்டம்பர் 11ஆம் தேதி நீக்கம் அமலுக்கு வந்தது. தற்கொலைக்கு ஒருவரைத் தூண்டுவது மட்டும் இன்றும் குற்றமே. முயன்றவர் குற்றவாளி அல்லர், சிகிச்சை பெற வேண்டியவர்.

போலீஸ் பதிவின்படி நாட்டில் தற்கொலை செய்துகொண்டோர் 2020இல் 631 பேர், 2021இல் 1,142 பேர். சட்டம் மாறியது லயத்திலும் தாமானிலும் உள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிந்தால்தான் அதனால் பயன்.

எதைக் கவனிக்க வேண்டும்?

"நான் இருந்து என்ன பயன்", "எல்லாருக்கும் பாரமாகிவிட்டேன்" என்று பேசுவது, பிரியமான பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, தூக்கமும் சாப்பாடும் குறைவது, குடி கூடுவது, வேலைக்கும் கோயிலுக்கும் போகாமல் ஒதுங்குவது ஆகியவை எச்சரிக்கைகள். வேலை இழப்பு, ஆலோங் கடன், காதல் முறிவு, தேர்வுத் தோல்வி, தீராத நோய் போன்றவற்றுக்குப் பின் இவை தெரிந்தால் கூடுதல் கவனம் தேவை. முன்பு ஒருமுறை முயன்றவருக்கு ஆபத்து அதிகம்.

எப்படிக் கேட்பது?

கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று பலர் அஞ்சுகிறார்கள். அது உண்மையல்ல. கேட்பவர் கிடைத்தால் மனப்பாரம் குறையும் என்பதே மனநல மருத்துவர்களின் அனுபவம். தனியாக உட்காரவைத்து, "தம்பி, செத்துப் போயிடலாம்னு நினைப்பு வருதா?" என்று நேராகவே கேட்கலாம்.

"வருது" என்றால் பதறக் கூடாது. "அப்பா அம்மாவை நினைச்சுப் பார்த்தியா?", "இதுக்கெல்லாமா சாவாங்க?" என்ற பேச்சு அவரை மீண்டும் வாயடைக்கவே செய்யும். அறிவுரையை ஒத்திவைத்துக் கேட்டுக்கொள்வதே முதல் உதவி. எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறாரா என்றும் கேட்க வேண்டும். ஆம் என்றால் ஒரு நிமிடமும் தனியே விடக் கூடாது. "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்யவும் கூடாது.

பூட்டு ஓர் உயிரைக் காக்கும்

தற்கொலை உந்துதல் பெரும்பாலும் சில நிமிடங்கள், சில மணி நேரங்களில் தணியக்கூடியது. அந்த நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமல் இருந்தால் உயிர் தப்பும். 1990களின் நடுவில் உலகிலேயே மிக அதிகத் தற்கொலை விகிதம் கொண்ட நாடுகளில் ஒன்றாக இலங்கை இருந்தது. கொடிய பூச்சிக்கொல்லிகளை அந்நாடு படிப்படியாகத் தடை செய்தது. பின்வந்த இருபது ஆண்டுகளில் விகிதம் சுமார் 70 விழுக்காடு குறைந்தது.

தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தில், கிராமத்து விவசாயிகள் பூச்சி மருந்தை வீட்டில் வைக்காமல் பொதுக் கிடங்கின் பூட்டிய பெட்டிகளில் வைக்கும் முறை சோதித்துப் பார்க்கப்பட்டது. அதில் ஈடுபட்டவர்களில் ஒருவர் டாக்டர் லட்சுமி விஜயகுமார். 1986இல் சென்னையில் 'சிநேகா' தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கியவர் அவர்.

செம்பனைத் தோட்ட வேலைக்கு மருந்தடிப்போர் மிச்ச மருந்தை வீட்டுக்குக் கொண்டுவராமல் ஸ்டோரிலேயே ஒப்படைப்பது நல்லது. வீட்டில் மாத்திரைகளையும் வேறொருவர் பூட்டி வைத்துக்கொள்ளலாம்.

எங்கே போவது?

செலண்டார் அரசு கிளினிக்கில் மனநலப் பரிசோதனை கேட்கலாம். குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளி. தேவைப்பட்டால் அங்கிருந்து மலாக்கா மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். "போய்ப் பார்" என்று சொல்லி அனுப்பாமல் ஒருவர் கூடவே போக வேண்டும். முயற்சி நடந்துவிட்டால் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். நடந்ததை டாக்டரிடம் மறைக்காமல் சொன்னால்தான் சரியான சிகிச்சை கிடைக்கும்.

வீடு திரும்பிய பின்வரும் வாரங்களும் ஆபத்தானவைதான். அக்கம்பக்கத்தார் புறம் பேசாமல், வாட்ஸ்அப்பில் படம் அனுப்பாமல், "சாப்பிட்டியா?" என்று தினமும் ஒரு வார்த்தை கேட்டாலே அது பெரிய துணை.

உதவி எண்கள்

அவசரம்: 999
சுகாதார அமைச்சின் ஹீல் மனநலச் சேவை: 15555
தாலியான் காசே: 15999
பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர், 24 மணி நேரமும்: 03-7627 2929

தமிழில் பேச வேண்டுமென்றால், அழைத்ததும் தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா என்று கேட்கலாம்.