திறந்த அமைப்பு அறைகளில் தரைவிரிப்புகள்

திறந்த அமைப்பு அறைகளில் தரைவிரிப்புகள் என்பது, இடையில் சுவர் இன்றி ஒன்றோடொன்று தொடரும் வரவேற்புப் பகுதி, உணவுப் பகுதி, படிப்புப் பகுதி போன்றவற்றுக்குத் தனித்தனி விரிப்புகளைத் தெரிவு செய்து இடும் முறையைக் குறிக்கும். இது உள்ளக வடிவமைப்புத் துறையின் ஒரு கூறாகும். இத்தகைய இடங்களில் விரிப்பு, தரையை மூடும் பொருளாக மட்டுமன்றி, ஒரு பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதைக் காட்டும் எல்லையாகவும் பயன்படுகின்றது. சுவர் செய்யவேண்டிய வேலையின் ஒரு பகுதியை விரிப்பு செய்கின்றது எனலாம்.

ஒரு சுவரில் இருந்து மறு சுவர் வரை தரை முழுவதையும் மூடி ஒட்டப்படுவது முழுத்தரை விரிப்பு ஆகும். தரையின் ஒரு பகுதியை மட்டும் மூடுவதும், வேண்டியபோது சுருட்டி எடுக்கத்தக்கதுமானது பகுதி விரிப்பு எனப்படும். இக்கட்டுரை இரண்டாவது வகையைப் பற்றியது.

வரலாறு

விரிப்பினால் இடத்தைப் பிரிக்கும் வழக்கம் மிகப் பழமையானது. நடு ஆசிய நாடோடி மக்களின் கூடாரங்கள் உள்ளே பிரிவுச் சுவர்கள் அற்றவை. அமரும் இடம், உறங்கும் இடம் என்பவற்றை விரிப்புகளும் கம்பளிகளுமே வேறுபடுத்தின. இன்று கிடைத்துள்ளவற்றுள் ஏறத்தாழ முழுமையாக எஞ்சியிருக்கும் மிகப் பழைய முடிச்சு விரிப்பு பசிரிக் விரிப்பு ஆகும். இது 1949 ஆம் ஆண்டில் சைபீரியாவின் அல்த்தாய் மலைப் பகுதியில் உள்ள ஒரு கல்லறை மேட்டில், செர்கேய் ருதேன்கோ என்னும் உருசியத் தொல்லியலாளரால் கண்டெடுக்கப்பட்டது. கல்லறைக்குள் புகுந்த நீர் உறைந்து பனிக்கட்டியானதால் விரிப்பு அழியாமல் இருந்தது. கி.மு. 5 அல்லது 4 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது எனக் கருதப்படும் இவ்விரிப்பு ஏறத்தாழ 183 × 200 செ.மீ. அளவுள்ளது. இது சென் பீட்டர்சுபர்க் நகரின் எர்மிட்டாச் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இந்தியாவில் முடிச்சு விரிப்புத் தொழில் 16 ஆம் நூற்றாண்டில், முகலாயப் பேரரசர் அக்பரின் காலத்தில், அரசின் ஆதரவு பெற்ற பட்டறைகளின் மூலம் வளர்ந்தது. இவற்றில் பாரசீக நெசவு மரபின் செல்வாக்கு மிகுந்திருந்தது.

தற்காலத் திறந்த அமைப்பு வீடுகளின் முன்னோடிகளில் ஒருவர் அமெரிக்கக் கட்டிடக்கலைஞர் பிராங்க் லாய்ட் ரைட் ஆவார். சிக்காகோவில் 1910 ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட இவரது ரொபீ வீட்டில், வரவேற்பறையும் உணவறையும் ஒரே நீண்ட இடமாக அமைந்துள்ளன. இரண்டுக்கும் நடுவே கணப்பு அடுப்பு மட்டுமே உண்டு. இவ்வீட்டுக்கான விரிப்புகளும் கட்டிடத்தின் ஒரு பகுதியாகவே தனியாக வடிவமைக்கப்பட்டன. இதன் பின்னர், மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்து 1930 ஆம் ஆண்டில் நிறைவெய்திய துகெந்தாட் வீடு (இன்றைய செக் குடியரசின் பிர்னோ நகர்), ஒரே பெரிய இடத்தைத் தனித்து நிற்கும் ஓனிக்சுக் கல் சுவர் ஒன்றினாலும், அரைவட்ட மரச்சுவர் ஒன்றினாலும் பகுத்துக் காட்டியது. இவ்வீடு 2001 ஆம் ஆண்டிலும், ரொபீ வீடு 2019 ஆம் ஆண்டிலும் யுனெசுக்கோவின் உலக பாரம்பரியக் களங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இவ்வமைப்பு சாதாரண வீடுகளுக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் பரவியது. சுவர்கள் குறைந்தபோது, எந்தப் பகுதி எதற்குரியது என்பதை வேறு வழியில் உணர்த்தவேண்டிய தேவை ஏற்பட்டது. விரிப்பு அதற்கு எளிதான வழியாக அமைந்தது.

விரிப்பு வகைகள்

நெசவு முறையை வைத்து விரிப்புகளைப் பின்வருமாறு வகுக்கலாம்.

முடிச்சு விரிப்பு: பாவு நூல்களில் ஒவ்வொரு முடிச்சாகக் கையால் கட்டப்படுவது. துருக்கிய முடிச்சு, பாரசீக முடிச்சு என்பன இதன் இரு முதன்மை முறைகள். முதலாவதில் நூல் இரண்டு பாவு நூல்களையும் ஒரே சீராகச் சுற்றுகின்றது. இரண்டாவதில் ஒன்றை முழுதாகவும் மற்றதைப் பாதியாகவும் சுற்றுகின்றது.

தட்டை நெசவு விரிப்பு: மேற்புறத்தில் நிற்கும் நூல்முனைகள் அற்றது. கிலிம், தரி, ஜமக்காளம் என்பன இவ்வகையின. தமிழ்நாட்டின் ஈரோடு மாவட்டத்தில் நெய்யப்படும் பவானி ஜமக்காளம் 2005-2006 காலப்பகுதியில் புவிசார் குறியீடு பெற்றது.

குத்துநூல் விரிப்பு: துணியொன்றில் ஊசியினால் நூலைக் குத்திப் பின்புறத்தில் பசை பூசுவது. இது முடிச்சு விரிப்பிலும் விரைவாகச் செய்யத்தக்கது. ஆதலால் விலை குறைவு. ஆயினும் பசை காலப்போக்கில் காய்ந்து உதிர்வதால் ஆயுளும் குறைவு.

இயந்திர நெசவு விரிப்பு: பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன், பாலியெசுத்தர் போன்ற செயற்கை இழைகளால் ஆனது.

விரிப்பின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் வகையை அறியலாம். முடிச்சு விரிப்பின் பின்புறத்தில் முன்புற வடிவம் தெளிவாகத் தெரியும். குத்துநூல் விரிப்பின் பின்புறம் பெரும்பாலும் ஒரு துணியினால் மூடப்பட்டிருக்கும்.

அளவைத் தீர்மானித்தல்

அறையின் அளவைக் கொண்டன்றி, அதிலுள்ள தளபாடத் தொகுதிகளைக் கொண்டே விரிப்பின் அளவு தீர்மானிக்கப்படுகின்றது. சந்தையில் பொதுவாகக் கிடைக்கும் அளவுகள் ஏறத்தாழ 120 × 180, 150 × 240, 180 × 270, 240 × 300, 270 × 360 செ.மீ. என்பனவாகும்.

இருக்கைப் பகுதியில் மூன்று முறைகள் வழக்கில் உள்ளன. சோபா, நாற்காலிகள் ஆகியவற்றின் எல்லாக் கால்களும் விரிப்பின் மேல் இருப்பது முதலாவது முறை. முன்கால்கள் மட்டும் அதன் மேல் இருப்பது இரண்டாவது. நடு மேசை மட்டும் விரிப்பில் இருப்பது மூன்றாவது. தளபாடங்கள் சுவரில் சாராமல் நடுவே நிற்கும் திறந்த அமைப்பில் முதலாவது முறை பொருத்தமானது. ஏனெனில், அங்கே சோபாவின் பின்புறமும் பார்வைக்குத் தெரிகின்றது. மூன்றாவது முறையில் விரிப்பு தளபாடங்களோடு தொடர்பற்று, நடுவே மிதப்பதுபோல் தோன்றும்.

உணவுப் பகுதியில் கணக்கு வேறு. அமர்வதற்காக நாற்காலியைப் பின்னே இழுத்தாலும் அதன் பின்கால்கள் விரிப்பை விட்டு இறங்கக் கூடாது. இதற்காக மேசையின் ஒவ்வொரு பக்கத்திலும் குறைந்தது 60 செ.மீ. கூடுதலாக விடப்படுகின்றது. 180 × 90 செ.மீ. மேசைக்கு இவ்வாறு 300 × 210 செ.மீ. தேவை. எனவே 300 × 240 செ.மீ. விரிப்பு பொருந்தும். விரிப்பு சிறிதானால், நாற்காலியின் கால் ஒவ்வொரு முறையும் விளிம்பில் சிக்கும். விளிம்பும் விரைவில் கிழியும்.

வாங்குவதற்கு முன்னர், செய்தித்தாளை அந்த அளவுக்கு ஒட்டித் தரையில் விரித்து ஓரிரு நாட்கள் நடமாடிப் பார்ப்பது செலவற்ற சோதனை ஆகும்.

ஓர் எடுத்துக்காட்டு

9 மீட்டர் நீளமும் 4.5 மீட்டர் அகலமும் கொண்ட ஓர் இடத்தின் ஒரு முனையில் இருக்கைகளும் மறுமுனையில் உணவு மேசையும் உள்ளன எனக் கொள்வோம். இருக்கைப் பகுதிக்கு 360 × 270 செ.மீ. விரிப்பு, முனைச் சுவரில் இருந்து 45 செ.மீ. தள்ளி இடப்படுகின்றது. உணவுப் பகுதிக்கு 300 × 240 செ.மீ. விரிப்பு, மறு சுவரில் இருந்து 60 செ.மீ. தள்ளி இடப்படுகின்றது. இரண்டின் நீளப் பக்கங்களும் அறையின் நீளத்தை ஒட்டியுள்ளன. இவ்வாறு இட்டால் இரு விரிப்புகளுக்கும் இடையே 135 செ.மீ. வெறுந்தரை எஞ்சும். பக்கங்களில் முதலாவதன் இருபுறமும் 90 செ.மீ., இரண்டாவதன் இருபுறமும் 105 செ.மீ. எஞ்சும். இவை நடைபாதைகள் ஆகின்றன. இரு விரிப்புகளின் நடுக்கோடுகளும் ஒரே நேரில் அமைவதால், அகலங்கள் வேறுபட்டாலும் ஒழுங்கு குலைவதில்லை. விரிப்புகள் மூடுவது மொத்தத் தரையின் ஏறத்தாழ 42 விழுக்காடே.

இங்கே விரிப்புகளைப் போலவே, அவற்றுக்கு இடையில் விடப்படும் வெறுந்தரையும் முக்கியமானது. அது குறுகினால் இரு பகுதிகளும் ஒன்றாகிவிடும். அத்துடன், நடந்து செல்வோர் ஒரு காலை விரிப்பிலும் மறு காலைத் தரையிலும் வைக்க நேரும்.

நிறமும் வடிவமும்

ஒரே பார்வையில் தெரியும் இரு விரிப்புகள் ஒன்றுக்கொன்று உறவுடையனவாக இருத்தல் வேண்டும். ஆனால் ஒரே மாதிரியாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. பொதுவாகப் பின்பற்றப்படும் முறைகள் வருமாறு:

ஒரு நிறமாவது இரண்டுக்கும் பொதுவாக இருத்தல். ஒன்றில் பின்புல நிறமாக உள்ளது மற்றதில் கரையிலோ சிறு வடிவத்திலோ வரலாம்.

ஒன்று செறிந்த வடிவம் கொண்டதாயின் மற்றது அமைதியானதாக இருத்தல். இரண்டும் செறிந்தவையாயின், ஒன்றின் வடிவம் பெரிதாகவும் மற்றதன் வடிவம் சிறிதாகவும் இருத்தல்.

நிறத்தின் வெம்மை, தண்மை ஒத்திருத்தல். மஞ்சள் சாயலுள்ள வெண்மையும் நீலச் சாயலுள்ள வெண்மையும் அருகருகே வந்தால், முன்னது அழுக்கடைந்ததுபோல் தோன்றும்.

ஒரே விரிப்பை இரண்டு இடங்களிலும் இடுவது, இரண்டு பகுதிகளும் ஒரே அளவும் ஒரே பயனும் கொண்டபோது பொருந்தும். மற்ற இடங்களில் பகுதிகளின் வேறுபாடு மங்கிவிடும். வட்ட விரிப்பு வட்ட மேசைக்கு ஏற்றது. கையால் சாயமிட்ட விரிப்புகளில் நிறம் ஆங்காங்கே சற்று மாறுவது இயல்பு. இது குறையாகக் கருதப்படுவதில்லை. விரிப்பைக் கடையின் விளக்கொளியில் மட்டும் பார்க்காமல், பகலொளியிலும் பார்ப்பது நல்லது.

இழையும் பயன்பாடும்

கம்பளி இழை மிதிபட்டாலும் மீண்டு நிமிரும் தன்மையது. எளிதில் தீப்பற்றாது. ஆதலால் இருக்கைப் பகுதிக்கு ஏற்றது. ஆயினும் அந்துப்பூச்சியினால் கேடுறும். பருத்தி கழுவுவதற்கு எளிது. எனவே சமையல் பகுதிக்கு அருகில் பயன்படும். சணல் விரிப்பு ஈரம் பட்டால் கறை பிடிக்கும். பாலிபுரோப்பிலீன் கறையையும் ஈரத்தையும் தாங்கும், ஆனால் வெப்பத்தில் உருகும். உணவு மேசைக்கு அடியில், சிந்தியவற்றை எளிதில் துடைப்பதற்காகத் தட்டை நெசவோ குட்டை நூல்முனையோ விரும்பப்படுகின்றது. ஈரப்பதம் மிகுந்த கடலோரப் பகுதிகளில் தடித்த விரிப்பின் அடியில் பூஞ்சை பிடிப்பதால், அதனை அவ்வப்போது எடுத்து உலர்த்துதல் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வெயில் படும் விரிப்பை ஆண்டுக்கு ஓரிரு முறை திருப்பி இட்டால், நிறம் சீராக மங்கும்.

சுவர்கள் குறைந்த இடத்தில் ஒலி தடையின்றிப் பரவுகின்றது. கல், ஓடு போன்ற கடினத் தரைகள் அதனை எதிரொலிக்கின்றன. விரிப்பு காலடி ஓசையையும் உயர் அதிர்வெண் ஒலிகளையும் உறிஞ்சிக் குறைக்கின்றது. தாழ் அதிர்வெண் ஒலிகளில் அதன் பயன் சிறிதே.

பாதுகாப்பு

தளர்வான விரிப்புகளும் மடங்கிய விளிம்புகளும் முதியோர் வீட்டில் தடுக்கி விழுவதற்கான காரணங்களுள் அடங்கும். முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தால் நடமாட்டம் நிரந்தரமாகக் குறையக்கூடும். திறந்த அமைப்பு வீட்டில் ஒரு பகுதியில் இருந்து இன்னொன்றுக்குச் செல்பவர் பலமுறை விளிம்புகளைக் கடக்கவேண்டி இருப்பதால், இது கூடுதல் கவனத்துக்கு உரியது. விரிப்பைவிடச் சற்றுச் சிறிய, வழுக்காத அடிவிரிப்பு இடுவதும், நடைபாதையில் விளிம்பு வராமல் பார்ப்பதும், எல்லாப் பகுதிகளிலும் தடிப்பு ஏறத்தாழ ஒன்றாக இருக்கும்படி தெரிவதும் இடரைக் குறைக்கும். ஐக்கிய அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்க பொதுக் கட்டிடங்களுக்கான 2010 ஆம் ஆண்டு நியமங்கள், விரிப்பின் நூல்முனை உயரம் 13 மி.மீ.க்கு மேற்படக் கூடாது என்கின்றன. சக்கர நாற்காலியோ ஊன்றுகோலோ பயன்படுத்துவோர் உள்ள வீடுகளுக்கும் இவ்வளவு நல்ல வழிகாட்டியாகும். நடப்பதில் பெரிதும் தடுமாற்றம் உள்ளவர்கள் இருப்பின், விரிப்பை முற்றாகத் தவிர்ப்பதே நன்று.

சிறுவர் உழைப்பு

கைமுடிச்சு விரிப்புத் தொழிலில் சிறுவர்கள் ஈடுபடுத்தப்பட்டமை, 20 ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகின் கவனத்தை ஈர்த்தது. இந்தியாவின் 1986 ஆம் ஆண்டுச் சிறுவர் உழைப்புச் சட்டம், 14 வயதுக்கு உட்பட்டோரை ஈடுபடுத்தக் கூடாத தொழில்களில் ஒன்றாக விரிப்பு நெசவைக் குறிப்பிட்டது. 2016 ஆம் ஆண்டின் திருத்தம், குடும்பத் தொழில் போன்ற சில விலக்குகளுடன், இத்தடையை எல்லாத் தொழில்களுக்கும் விரிவாக்கியது. பாக்கித்தானில் விரிப்புத் தறியில் கொத்தடிமையாக இருந்து மீண்டு, சிறுவர் உழைப்புக்கு எதிராகப் பேசிய இக்பால் மசீ என்னும் சிறுவன் 1995 ஆம் ஆண்டில் சுட்டுக் கொல்லப்பட்டான்.

சிறுவர் உழைப்பின்றிச் செய்யப்பட்ட விரிப்புகளுக்குச் சான்றளிக்கும் இரக்மார்க் என்னும் அமைப்பு, கைலாசு சத்தியார்த்தியின் முயற்சியால் 1994 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. 2009 ஆம் ஆண்டில் இதன் பெயர் குட்வீவ் என மாற்றப்பட்டது. சத்தியார்த்தி 2014 ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசை மலாலா யூசப்சையியுடன் பகிர்ந்துகொண்டார். நுண்ணிய முடிச்சுகளுக்குச் சிறுவரின் மெல்லிய விரல்களே ஏற்றவை என்னும் கூற்று இத்தொழிலில் நெடுங்காலம் நிலவியது. ஆனால் நுண்ணிய முடிச்சு விரிப்புகளைத் தேர்ந்த வயதுவந்த நெசவாளர்களும் நெய்கின்றனர். இரு அறைகளுக்கு இரு விரிப்புகளை வாங்குபவர், அளவையும் நிறத்தையும் கேட்பதோடு, அவை எங்கே, யாரால் நெய்யப்பட்டன என்பதையும் கேட்டறிய முடியும்.

இவற்றையும் பார்க்கவும்

பாரசீக விரிப்பு
பவானி ஜமக்காளம்
உள்ளக வடிவமைப்பு
திறந்த தள அமைப்பு
பத்தமடைப் பாய்