கஸ்டர் கைக்கு வந்த வாள்

1876 ஜூன் 25. மொன்டானாவில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரைக் குன்றின் மேல், பூர்வகுடிகளோடு நடந்த சண்டையில், அமெரிக்கக் குதிரைப்படை அதிகாரி ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங் கஸ்டர் செத்து விழுந்தபோது அவர் இடுப்பில் வாள் இல்லை. வீண் சுமை என்று ஏழாம் குதிரைப்படையின் வாள்களைப் பெட்டியில் போட்டு வழியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்கள். ஊர் பேசிய அந்த நீளமான பொன்னிற முடியையும் அவர் புறப்படும் முன்பே ஒட்ட வெட்டியிருந்தார். ஆனால் 1941-ல் வார்னர் பிரதர்ஸ் எடுத்த 'தே டைட் வித் தேர் பூட்ஸ் ஆன்' படத்தின் கடைசிக் காட்சியில், தோள்வரை புரளும் முடியோடு, கஸ்டராக நடித்த எரால் ஃபிளின் வாளை உருவிக்கொண்டு நிற்கிறார். அந்த வாள் அவர் கைக்கு வந்து சேர்ந்த கதைதான் இந்தப் படம் பிறந்த கதை.

அதைத் தொடங்கிவைத்தவர் ஒரு விதவை. கணவர் இறந்தபோது எலிசபெத் கஸ்டருக்கு, எல்லோரும் அழைத்தபடி சொன்னால் லிபிக்கு, வயது 34. கஸ்டர் நேரடியாக நடத்திச் சென்ற சுமார் 210 பேரில் ஒருவரும் உயிரோடு திரும்பவில்லை. அவருடைய தம்பிகளில் இருவர் அங்கேயே மாண்டார்கள். தோல்விக்குக் காரணம் கஸ்டரின் அவசரம்தான் என்று ராணுவத்துக்குள் பேச்சு எழுந்தது. லிபி பேனாவை எடுத்தார். 1885, 1887, 1890 என்று மூன்று புத்தகங்கள். சண்டைக் கணக்கு எதுவும் அவற்றில் பெரிதாக இல்லை. நாயையும் குதிரையையும் கொஞ்சுகிற, மனைவியைப் பிரிய மனமில்லாமல் கிளம்புகிற ஒரு கணவர் இருக்கிறார்.

முதல் புத்தகத்தில் வரும் ஓர் இடம் என் மனதை விட்டு அகலவில்லை. 1876 மே 17 காலை படை ஃபோர்ட் ஆபிரகாம் லிங்கனிலிருந்து கிளம்புகிறது. லிபியும் முதல் நாள் முழுக்கக் கூடவே குதிரையில் போகிறார். மூடுபனியில் வெயில் பட்டதும், குதிரைப்படையின் ஒரு பகுதி தரைக்கும் வானத்துக்கும் நடுவே நடந்துபோவதுபோல் ஒரு கானல் தோற்றம் எழுந்ததாக எழுதுகிறார். மறுநாள் காலையில் அவர் கோட்டைக்குத் திரும்பினார். பிறகு கணவரை அவர் பார்க்கவேயில்லை. இப்படி எழுதத் தெரிந்த பெண்ணின் முன்னால் கஸ்டரைக் குறை சொல்லப் பலருக்கும் வாய் வரவில்லை. லிபியின் காலம் முடியட்டும் என்று காத்திருந்தார்கள். அவரோ கணவருக்குப் பின் ஏறத்தாழ 57 ஆண்டுகள் வாழ்ந்தார்.

அதற்குள் ஊரெல்லாம் கஸ்டர் பரவிவிட்டார். பஃபலோ பில் தன் காட்சி அரங்கில் அந்தச் சண்டையை நடத்திக் காட்டினார். 1896-ல் ஆன்ஹைசர்-புஷ் பீர் நிறுவனம் 'கஸ்டரின் கடைசிச் சண்டை' ஓவியத்தை அச்சடித்து மதுக்கடைகளில் மாட்டியது. அதில் கஸ்டர் வாளைத் தலைக்கு மேல் ஓங்கி நிற்கிறார். பெட்டியில் கிடந்த வாளை எடுத்து அவர் கையில் கொடுத்தது இந்த மாதிரிப் படங்கள்தான். எத்தனையோ ஆயிரம் அமெரிக்கர்களுக்கு இந்தச் சண்டை என்றால் அந்தச் சுவர்ப்படம்தான்.

லிபி 1933 ஏப்ரலில் நியூயார்க்கில் காலமானார். மறு ஆண்டே ஃபிரெடெரிக் வான் டி வாட்டர், கஸ்டரைப் புகழ்ப் பித்தராகக் காட்டும் ஒரு வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். அதில் நிறைய உண்மை இருந்தது. 1868 நவம்பரில் வாஷிடா ஆற்றங்கரையில் தூங்கிக்கொண்டிருந்த ஷயான் பூர்வகுடிக் கிராமத்தின் மேல் விடியற்காலையில் பாய்ந்தவர் கஸ்டர். சமாதானத்தை விரும்பிய தலைவர் பிளாக் கெட்டிலும் அவர் மனைவியும் அங்கே கொல்லப்பட்டார்கள்.

அடுத்த சில ஆண்டுகளில் ஹாலிவுட் கஸ்டரை எடுத்தபோது அது கேட்டது லிபியின் குரலைத்தான். 1940-ல் 'சான்டா ஃபே டிரெயில்' படத்தில் ரொனால்டு ரேகன் கஸ்டராக வந்துபோனார். மறு ஆண்டு ஃபிளினை வைத்து முழுப்படம். இயக்குநர் மைக்கேல் கர்ட்டிஸோடு இனி வேலை செய்ய முடியாது என்று ஃபிளின் சொல்லிவிட, ரவுல் வால்ஷ் இயக்குநரானார். லிபியாக ஒலிவியா டி ஹாவிலண்ட். இருவரும் சேர்ந்து நடித்த எட்டாவது படம், கடைசிப் படமும் அதுதான். விடைபெறும் காட்சியில் இருவரும் சிரித்துக்கொண்டே பேச, கஸ்டர் திரும்பி வரமாட்டார் என்று இருவருக்கும் தெரிந்திருக்கிறது. ஹாலிவுட் எடுத்த பிரிவுக் காட்சிகளில் இதை நான் முதல் வரிசையில் வைப்பேன்.

படப்பிடிப்பு உயிர்ப்பலி வாங்கியது. மூன்று பேர் இறந்தார்கள். அவர்களில் ஜாக் பட்லாங் என்ற நடிகர் போலி வாள் வேண்டாம், நிஜ வாளே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர். பாய்ந்து போகும் காட்சியில் குதிரை அவரைத் தூக்கி எறிய, வாளின் மேலேயே விழுந்தார்.

வாளும் முடியும் போகட்டும். காட்சிக்காகச் செய்தது என்று விட்டுவிடலாம். வாஷிடாவைப் படம் காட்டவேயில்லை, அது பெரிய குறை. பிளாக் ஹில்ஸ் மலைகள் விஷயத்தில் செய்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. படத்தில், அந்த மலைகளைக் காப்பாற்றித் தருவதாக ஆன்டனி குவின் நடித்த லகோட்டா தலைவர் கிரேஸி ஹார்ஸுக்குக் கஸ்டர் வாக்குக் கொடுக்கிறார். பேராசைக்கார வியாபாரிகள் தங்கம் இருப்பதாகப் பொய்யைக் கிளப்பி விடுகிறார்கள். வாக்கைக் காக்க முடியாமல் போனவர் களத்தில் உயிரைக் கொடுக்கிறார்.

நடந்தது நேர்மாறு. 1868 ஃபோர்ட் லாரமி ஒப்பந்தப்படி அந்த மலைகள் லகோட்டா மக்களுக்கு உரியவை. 1874-ல் ஆயிரம் பேருக்கு மேற்பட்ட படையோடும் பத்திரிகைக்காரர்களோடும் அங்கே நுழைந்தவர் கஸ்டர். தங்கம் இருக்கிறது என்று உலகத்துக்குச் சொன்னதும் அவருடைய பயணம்தான். சுரங்கக்காரர்கள் குவிந்தார்கள். அரசு மலைகளை விலைக்குக் கேட்டது, லகோட்டாக்கள் மறுத்தார்கள். 1876 ஜனவரி 31-க்குள் அரசு ஒதுக்கிய நிலப்பகுதிக்கு வந்து சேராதவர்கள் எதிரிகள் என்று அறிவிப்பு போனது. கஸ்டர் செத்த போர் அதிலிருந்து வந்தது.

1877-ல் அரசு மலைகளை எடுத்துக்கொண்டது. அதற்கு நியாயமான ஈடு தரவில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980-ல் தீர்ப்பளித்தது. வட்டியோடு 10 கோடி டாலருக்கு மேல் தர வேண்டும் என்றானது. லகோட்டாக்கள் அந்தப் பணத்தைத் தொடவில்லை. மலைகளைத்தான் திருப்பிக் கேட்கிறார்கள்.